துணைக்கால்

நஜஃபிலிருந்து கர்பலா போகும் சாலையில்
விளக்குத் தூண்களுக்கு எண் உண்டு.
யாத்திரிகர் வழி தப்பாதிருக்க எழுதியவை
அந்த ஆண்டு முகவரிகளாயின.
குலிசார். சொந்த ஊர் தல் அஃபர். தற்போது தூண் 833.
இப்படித்தான் எழுதினேன்
இடம்பெயர்ந்தோர் அமைச்சகத்தின் நீல மையால்.

லாரியில் வந்தது
மெத்தை இருநூற்றுப் பத்து, கம்பளி அதற்கும் குறைவு,
திரியில்லாத மண்ணெண்ணெய் அடுப்புகள்.
பட்டியலில் நானூற்றுச் சொச்சம் பேர்.
கணக்கு நேராக வரவேண்டுமென்று யாரும் சொல்லவில்லை,
கையெழுத்து நேராக வந்தால் போதுமாம்.

யாத்திரிகருக்குச் சோறிடும் மண்டபத்தில்
கயிறு கட்டிச் சேலைகளும் சாக்குகளும் தொங்கவிட்டு
அறைகள் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
மேசையைப் போட்டு உட்கார்ந்தேன்.
எத்தனை பேர் என்றேன்.
ஆறு என்றாள் குலிசார்.
விரல் மடக்கிப் பார்த்துவிட்டு, ஏழு.
ஆறு பேருக்குத்தான் அட்டை இருந்தது.
ஏழாவது
அவள் முக்காட்டு நுனியை வாயிலிட்டுச் சப்பிக்கொண்டு நின்றது.

"பக்கத்து வீட்டுப் பிள்ளை.
புழுக்கமாக இருக்கிறதென்று எங்கள் மொட்டை மாடியில்
என் மகனோடு படுத்திருந்தான்.
குண்டு விழ விழத் தூக்கி வண்டியில் போட்டோம்.
இருட்டில் யார் எண்ணுவது?
சிஞ்சாரில் விடிந்தபோது ஒன்று கூடுதலாக இருந்தது."

பெயர்?

மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
மேசைமேல் குனிந்து
என் காதுக்கு மட்டும் சொன்னாள்:
உமர்.

படிவத்தில் பிரிவுக்கென்று கட்டம் கிடையாது.
தேவையும் இல்லை, பெயரே பேசிவிடும்.
இரண்டாயிரத்து ஆறில்
பொய்ச் சோதனைச்சாவடியில் என் தம்பியின் அட்டையை
டார்ச் அடித்துப் படித்தவனுக்கும்
பெயரே போதுமாயிருந்தது.
அப்துல் ஸஹ்ரா.
வேறொன்றும் கேட்கவில்லையாம்.

பேனா நின்றது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
நான் நல்லவனென்று நினைத்துவிடாதீர்கள்.
பையனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது,
கம்பளி தீர்ந்துகொண்டிருந்தது,
எனக்கு அந்தப் பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது.

எங்கள் எழுத்தில்
உமருக்கும் அம்மாருக்கும் நடுவே
ஒற்றைக் கோடுதான் வித்தியாசம்.
செங்குத்தாக ஒன்று,
ஒரு துணைக்கால்.
போட்டேன்.
அம்மார், ஏழு வயது, மகன், கம்பளி ஒன்று.

பிப்ரவரியில் கிர்குக் முகாமிலிருந்து ஒரு தாள் வந்தது.
தேடப்படுபவர்: உமர். வயது ஏழு.
இடது காது மடலில் வெட்டுத் தழும்பு.
தேடுபவர்: தாய்.
பதிலை முன்னமே தட்டச்சு செய்து
என் கையொப்பத்துக்கு அனுப்பியிருந்தான் முந்தழிர்:
எமது பதிவேட்டில் இப்பெயரில் எவருமில்லை.

பொய்யில்லை.
பதிவேட்டை எடுத்து
பிளேடால் அந்தக் கோட்டைச் சுரண்டினேன்.
தாள் கிழிந்தது,
கால் நின்றது.

தூண் 833 அடியில்
மண்ணெண்ணெய்க்கு நிற்கிறார்கள்.
குலிசார் எங்கே? கட்டட வேலைக்குப் போயிருக்கிறாள்,
இருட்டிய பிறகுதான் வருவாள் என்கிறார்கள்.
அம்மார் என்று கூப்பிட்டேன்.
இரண்டு பிள்ளைகள் திரும்பினார்கள்,
இருவர் காதிலும் தழும்பில்லை.

காத்திருந்திருக்கலாம்.
பச்சைக் கொடிகளின் கீழே
ஒன்பது வருஷமாக என் நாக்கில் ஏறாத அந்தப் பெயரை
ஒரு கால் குறைத்து
உரக்கச் சொல்லிவிட்டேன்.

வரிசை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.
அளந்து ஊற்றியவன் கையில் புனல் அப்படியே நின்றது.

பின்னால் எங்கோ
ஒரு காலித் தகர டின்
கைதவறித் தரையில் விழும் சத்தம்.